காலியாகத் திரும்பிய ஏடு

"தெருவுல போற வார அத்தனை பேரையும் தெரியுது அண்ணாச்சி. மூணாவது வீட்டு ஆட்டுக்குட்டி பேருகூடத் தெரியுது. என்னைத்தான் தெரியலையாம் இவுகளுக்கு."

முத்துக்கனி குறைகேட்கும் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னாள். பக்கத்து நாற்காலியில் அவள் புருசன் உச்சிமாகாளி தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் பம்பு பழுது பார்க்கிறவர். கண்ணில் கள்ளம் இருக்கிற ஆளாகத் தெரியவில்லை.

"அம்மா, கோவப்படாதீங்க" என்றார் அவளிடம். "வேணும்னு சொல்லலை. நீங்க எந்தூருன்னு சொன்னீங்கன்னா ஞாபகம் வந்தாலும் வரும்."

"கேட்டீங்களா? இத்தனை வருசம் 'ஏளா'ன்ன வாயி. இப்ப அம்மாவாம், நீங்களாம். மரியாதை குடுத்தே என்னைக் கொல்லுதாவ."

மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த சூசைமிக்கேல் சிரிக்கவில்லை. அவர் கொணரிக் கம்பெனியின் தூத்துக்குடிக் கிளையில், கருவிக்குள் ஓடுகிற அடிநிரலைப் பார்ப்பவர். குறைகேட்கும் மேசை அவர் வேலை இல்லை. அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகள் புருசன் பொண்டாட்டி இருவரையும் முதலில் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர், உச்சிமாகாளிக்கு மூளையில் கோளாறு இல்லை என்றார். பிறகு குடும்பச் சண்டை தீர்க்கிற ஒரு அம்மாளிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள், "வேற பொம்பளை சகவாசம் உண்டா?" என்று கேட்டதற்கு முத்துக்கனி கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது. கடைசியில்தான் கீழ்த்தளத்தில் இருந்த அவரை இந்த மேசைக்குக் கூப்பிட்டு ஜோடியை அவரிடம் தள்ளிவிட்டார்கள். யாராலும் முடியாததைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளுவது அந்தக் கம்பெனியின் வழக்கம்.

உச்சிமாகாளியின் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் கொணரி ஒட்டியிருந்தது. ஊரில் அது இல்லாத காதைப் பார்ப்பது அரிது. சொல்ல வந்த வார்த்தை நாக்குக்கு வருவதற்கு முன்பே அதை மூளையிலிருந்து எடுத்துக் கையெட்டும் இடத்தில் வைத்துவிடும். வாசலில் காலடி கேட்டால் போதும், வருகிறவன் பேர், அவன் மகள் கல்யாணம், போன தடவை பேசிய பேச்சு எல்லாம் தயாராக இருக்கும். "அவரு… அந்த… அதான்…" என்று இழுக்கிற பேச்சே ஒழிந்துபோனது. இழுக்கிறவனை வக்கில்லாதவன் என்று பார்த்தார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளை ஒரு தடவை தடுக்கினால் பலகாரத்தோடு அனுப்பிவைத்தார்கள்.

சூசைமிக்கேல் கொணரி வைத்துக்கொள்ளவில்லை. கேட்பவர்களிடம், "உள்ள என்ன கிடக்குன்னு பாத்தவன் நான்" என்று மட்டும் சொல்வார்.

உச்சிமாகாளியின் கொணரியைத் தன் திரையோடு இணைத்துப் பிழைக்குறிப்பைத் திறந்தார். சுத்தம். வைத்த நாளிலிருந்து ஒரு பிழை இல்லை. மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அவருக்கு அதுதான் உறுத்தியது. மனுசன் செய்த எந்தச் சாமானும் இவ்வளவு யோக்கியமாக இருக்காது.

"ரெண்டு பேரும் நாளைக்கும் வாங்க" என்றார்.

"நான் வருவேன். இவுக தெரியாத பொம்பளை கூட வருவாவளான்னு கேளுங்க" என்றாள் முத்துக்கனி.

உச்சிமாகாளி நிஜமாகவே யோசித்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் சூசைமிக்கேல் இதைத் தன் மனைவி ரோஸ்மலரிடம் சொன்னார். அவள் மீன் அலசிக்கொண்டே சிரித்தாள். கம்பெனி ஆட்களின் குடும்பத்துக்குக் கொணரி இலவசம். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் கேட்காமல் முதல் வருசமே வாங்கி ஒட்டிக்கொண்டவள் அவள். கோயிலில் பாடல்கள் அத்தனையும் அவளுக்குப் புத்தகம் பார்க்காமல் வரும்.

"பொண்டாட்டி முகம் மறக்குமாங்க? நடிக்கிறான் அந்த ஆளு."

"நடிக்கிறவன் மாதிரி இல்ல."

"உங்களுக்கு யாரைத்தான் தெரியும்? உலகத்துல ஒருத்தரையும் நம்ப மாட்டீங்க, இவனை மட்டும் நம்புறீங்க."

சாயங்காலம் இருவரும் ஜெபமாலை சொன்னார்கள். முடிவில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது வழக்கம். ரோஸ்மலர் தன் அப்பா பேரைச் சொன்னாள், புருசனுடைய அம்மா பேரைச் சொன்னாள், கடைசியில் "கொழுந்தன் இன்னாசி" என்றாள். இன்னாசி சூசைமிக்கேலின் தம்பி. ஆறு வருசத்துக்கு முன்பு புயல் எச்சரிக்கை இருந்த அன்று கடலுக்குப் போய்த் திரும்பாதவன். வள்ளத்தை எடுத்தவன் இன்னாசி இல்லை. எடுத்தவன் கரைக்கு உயிரோடு வந்து சேர்ந்தான். அவன் இவர்களுடைய ஒரே மகன்.

மூன்றாம் நாள் கரை ஒதுங்கிய தம்பியைக் குழியில் வைத்துவிட்டு வந்த அன்றைக்கு சூசைமிக்கேல் மகனுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். "இனிமே அந்தப் பேரு இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். ரோஸ்மலர் அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்கவில்லை. மகன் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குப் போய்விட்டதாகச் சொந்தக்காரர்கள் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டதாக இருவருமே காட்டிக்கொள்ளவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வந்தது. ரோஸ்மலர் எடுத்தாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, "தப்பா போட்டுட்டீங்க தம்பி, பாத்துப் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். யார் என்று கேட்டதற்கு, "யாரோ பையன். 'அம்மா'ங்கான்" என்றாள். சூசைமிக்கேலுக்கு விளங்கிவிட்டது. பெற்றவள் இவ்வளவு உறுதியாக இருப்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. அன்றைக்கு அவளைப் பற்றி அவருக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

*

கொணரியின் அடியில் இருப்பது ஒரு நூலகம். புத்தக நூலகம் இல்லை. எடு, வை, நகர்த்து, அழி என்பது போன்ற சின்னச் சின்ன வேலைகளை எழுதிவைத்த நிரல்கட்டு. மேலே என்ன சாமர்த்தியம் காட்டினாலும் கடைசியில் இதன் காலில் வந்துதான் விழ வேண்டும். கம்பெனிக்காரர்கள் இதை எழுதவில்லை. எந்தத் தேசத்திலோ, எந்தக் காலத்திலோ, சிலிக்கான் சில்லுகளுக்காக எழுதியது. இலவசமாகக் கிடைத்தது, எடுத்து மனுசன் மண்டையில் பொருத்திவிட்டார்கள்.

அதில் முன்னெடுப்பு என்று ஒரு வேலை. டீக்கடைக்காரன் வாடிக்கை ஆள் தெருமுனையில் வரும்போதே கிளாஸில் டீயை ஊற்றி வைக்கிறான் இல்லையா, அது. அடுத்து எந்த ஞாபகம் வேண்டியிருக்கும் என்று ஊகித்து, அந்த ஞாபகம் எழுதியிருக்கிற ஏட்டை மூளையிலிருந்து எடுத்துக் கைக்கு எட்டுகிற கிட்டறையில் வைக்கும். ஆள் குடித்தால் சரி. குடிக்காமல் போய்விட்டால் கொட்டிவிட்டு கிளாஸை அடுத்த ஆளுக்கு வைக்கும்.

முன்னெடுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. போன இடத்தில் ஏடு இல்லாவிட்டால் சத்தம் போடக் கூடாது. அது வெறும் ஊகம்தானே, ஊகம் பொய்த்ததற்கெல்லாம் பிழை எழுதினால் குறிப்பு நிரம்பிவிடும் என்று எழுதினவன் நினைத்திருக்கிறான். நியாயம்தான். ஆனால் பேசக் கூடாது என்று சட்டம் போட்ட இடத்தில்தான் எல்லாத் திருட்டும் நடக்கும் என்பது சூசைமிக்கேலின் எண்ணம். உச்சிமாகாளியின் கொணரிக்கு மட்டும் அந்தச் சட்டத்தை எடுத்தார். முன்னெடுப்பு எப்போது போய்க் காலியாகத் திரும்பினாலும் மேசை மேல் உள்ள சின்ன ஒலிபெருக்கி 'டிக்' என்று சொல்லும்படி மாற்றி எழுதினார்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். முத்துக்கனி எண்ணெய் தேய்த்துத் தலை சீவிப் பூ வைத்திருந்தாள். "இப்பவாவது பிடிக்குதான்னு பாப்போம்" என்றாள்.

சோதனை அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி பேசாமல் இருந்தது. சூசைமிக்கேல் உச்சிமாகாளியிடம் உப்பளத்தைப் பற்றிக் கேட்டார். அவர் மேஸ்திரி பேர், பம்பு வாங்கின கடை, மழையில் பாத்தி கரைந்த வருசம் என்று தடுக்காமல் சொன்னார். ஒரு டிக் இல்லை.

முத்துக்கனி இருமினாள்.

டிக்.

சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள், வளையல் உரசியது. டிக் டிக். எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். டிக். பூ வாசம் காற்றில் வந்திருக்க வேண்டும், டிக் டிக் டிக். அவள் பேசத் தொடங்கியதும் தகரக் கொட்டகை மேல் மழை விழுகிற மாதிரி ஆகிவிட்டது.

"என்னய்யா இது, பல்லிக் கூட்டம் மாதிரி" என்றாள்.

"உங்களைத் தேடுது" என்றார் சூசைமிக்கேல்.

"எது?"

"அவர் மண்டையில உங்க ஏடு இருந்த இடத்துக்குப் போயிப் போயிப் பாக்குது. ஒண்ணுமில்லாமத் திரும்பி வருது."

முத்துக்கனி புருசனைப் பார்த்தாள். அவர் யாரோ ஒரு அம்மாளுக்கு வழி விடுகிற மாதிரி காலை மடக்கிக்கொண்டார். டிக்.

"உச்சிமாகாளி, உங்க வீட்டுக்காரியை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"வீட்டுக்காரியா? எனக்குக் கல்யாணம் ஆயிருக்குன்னு தெரியுது. யாருன்னுதான்…" அவர் நெற்றியைத் தடவினார்.

"நான் சொல்லுதேன்" என்றாள் முத்துக்கனி. "ஏளா. இந்தா. அடியே. ஆள் இருந்தா, 'வீட்டுல சொல்லணும்'. நானும் அப்படித்தான். புருசன் பொண்டாட்டி பேரு சொல்லிக் கூப்பிடுத குடும்பமா நாங்க? எங்க தெருவுல ஒரு வீட்டுல கிடையாது."

"ஒரு தடவைகூடச் சொன்னது இல்லையா?"

"தாலி கட்டயில ஐயர் கேட்டாரு. அப்பவும் எங்க மாமாதான் சொன்னாரு."

சூசைமிக்கேல் நாற்காலியைத் திரைப்பக்கம் திருப்பினார். நிரலில் 'பயன்பட்டதா?' என்று கேட்கிற வரியைத் தேடினார். நூலகம் எழுதினவனுடைய வரி அது. அதைக் கொணரிக்குப் பொருத்தின அயல்நாட்டுக்காரர்கள், ஏடு எப்போது பயன்பட்டதாகக் கணக்கு என்பதற்கு ஒரு விளக்கம் சேர்த்திருந்தார்கள்: அந்த ஏட்டுக்கு உரிய பேரைத் தொண்டை நரம்பு சொன்னால் பயன்பட்டது, சொல்லாவிட்டால் வீண்.

அவர்கள் ஊரில் புருசன் பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் உப்பையே கேட்பான். அவர்களுக்கு அந்த விளக்கம் போதும். இங்கே?

இன்னும் கீழே போனார். பயன்பட்ட ஏட்டை மூளைக்குத் திருப்பி எழுதும் வரி இருந்தது. வீணான ஏட்டுக்கு அந்த வரி இல்லை. ஏன் வேண்டும்? சிலிக்கானில் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அது அங்கேயேதான் இருக்கும், பார்த்ததால் குறையாது. ஆனால் மூளை சிலிக்கான் இல்லை. ஒரு ஞாபகத்தை எடுத்தால் அது இருந்த இடத்தில் மண் இளகிவிடும். மறுபடி அழுத்தி நட்டால்தான் நிற்கும். எடுத்துப் பார்த்துவிட்டு நடாமல் போட்டால் ஒரு வேர் போகும். ஒரு தடவை போட்டால் தெரியாது. இருமலுக்கு ஒரு தடவை, வளையலுக்கு ஒரு தடவை, கதவுச் சத்தத்துக்கு, குழம்பு வாசத்துக்கு, சும்மா உட்கார்ந்திருக்கும்போது என்று வருசக்கணக்கில் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டால்?

"அண்ணாச்சி, முகம் ஏன் இப்படிப் போச்சு?" என்றாள் முத்துக்கனி. "சொல்லுங்க. வேற பொம்பளையா?"

"இல்லம்மா. எந்நேரமும் உன்னையே நினைச்சிருக்காரு. அதான் போச்சு."

அவளுக்கு அது விளங்க நேரம் ஆனது. விளங்கினதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஒலிபெருக்கி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. சூசைமிக்கேல் அதன் கம்பியைப் பிடுங்கினார்.

"திரும்ப வருமா?" என்று கேட்டாள், திரும்பாமலே.

"நட்டது இருந்தாத்தானேம்மா வரும்."

உச்சிமாகாளி எழுந்து நின்றார். "அந்த அம்மா ஏன் அழுறாங்க?" என்று சூசைமிக்கேலிடம் மெதுவாகக் கேட்டார்.

*

கிளைக்குத் தலைமை கிரேஸ்லின் என்ற பெண். முப்பதைத் தாண்டியிருப்பாள், கெட்டிக்காரி. சூசைமிக்கேல் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்கத் தெரிந்தவர்களை அவர் இன்னும் அதிகமாகச் சந்தேகிப்பார்.

"அயல்நாட்டு ஆட்களைக் கேட்டீங்களா அங்கிள்?"

"கேட்டேன். அங்க ஒருத்தனுக்கும் இப்படி வரலையாம். எங்க பக்கம் பிழை இல்லைன்னு எழுதிட்டான்."

"சரி செய்ய என்ன வேணும்?"

"ஒரு வரி. கொட்டுறதுக்கு முன்னால திருப்பி எழுதிட்டுக் கொட்டணும்."

"எவ்வளவு மெதுவாகும்?"

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.

"தடுக்கும், இல்லையா? பேர் வர அரை மூச்சு நேரம் ஆகும்."

"ஆகும். முன்ன எல்லாருக்கும் ஆச்சுல்ல, செத்தா போனோம்?"

"முன்ன எல்லாருக்கும் ஆச்சு. இப்ப நம்ம கொணரி வச்சவனுக்கு மட்டும் ஆகும். மறுநாளே பிடுங்கிட்டு அடுத்த கம்பெனிக்குப் போயிருவான். அவங்களும் இதே நூலகத்தைத்தான் வச்சிருக்காங்க. அவங்க சொல்ல மாட்டாங்க."

"அப்ப ஊர்க்காரன் பொண்டாட்டியை மறந்துட்டு அலையட்டுங்கியா?"

"அப்படிச் சொல்லலையே. பேர் சொன்னா திருப்பி எழுதுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப சொல்லச் சொல்லுவோம்." அவள் அதற்குள் தாளில் கிறுக்கத் தொடங்கிவிட்டாள். "தினம் காலையில, பிரியமானவங்க பேரை வாய்விட்டுச் சொல்லுங்க. அன்பைச் சொல்லிப் பழகுங்க. நல்லா இருக்கு அங்கிள். இதுக்கு ஒரு பாட்டே போடலாம்."

"பிழைன்னு சொல்ல மாட்டே."

"பிழைன்னு சொன்னா கேசு வரும். பழக்கம்னு சொன்னா பரிசு குடுப்பான்." பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சரி, யாருக்கெல்லாம் இது ஆபத்து? சும்மா மறந்துபோனவங்களுக்கு இல்ல. எந்நேரமும் நினைச்சு, வாயைத் திறந்து பேரைச் சொல்லாதவங்களுக்கு."

"ஆமா. புருசன், பொண்டாட்டி…"

"கள்ளக்காதல்" என்று சிரித்தாள். "அது ஒழிஞ்சா நல்லதுதான். அப்புறம்… பேச்சுவார்த்தை இல்லாம வெட்டிக்கிட்டுப் போன உறவு. சொல்லக்கூடாதுன்னு வச்ச பேரு."

சூசைமிக்கேல் எழுந்தார். அவள் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியில் இறங்கினார்.

*

ரோஸ்மலர் வாசலில் கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "என்ன, வேலையை விட்டுட்டு வந்துட்டீங்களா, துரத்திட்டானுவளா?" என்றாள். அவரைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஒரு தடுக்கல் இல்லை. அவளும் புருசன் பேரை வாய்விட்டுச் சொல்லாதவள்தான், ஆனாலும் அவருடைய ஏடு அவள் மண்டையில் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தோன்றியது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினார்.

திண்டாடித் திண்டாடித்தான் அந்தப் பேர் வாயில் வந்தது. ஆறு வருசம் சொல்லாத பேர்.

"அருளப்பன்" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அருளப்பன்" என்றார் மறுபடி.

"யாரு? கோயிலுக்குப் புதுசா வந்த சாமியாரா?"

அவள் நடிக்கிறாள் என்று அவர் நினைத்தார். நடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். உள்ளே ஓடிப் பரணில் துணி சுற்றிவைத்த படத்தை எடுத்துவந்தார். பதினெட்டு வயதில் வள்ளத்தின் மேல் நின்று சிரிக்கிற படம். ரோஸ்மலர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"நல்ல களையான பையன். உங்க சாடை இருக்கு. உங்க சொந்தத்துல யாராவதா?"

"ஏளா, நமக்குப் பிள்ளை இருக்கான்னு தெரியுமா உனக்கு?"

அவள் முகம் குழம்பியது. எதையோ எடுக்கப் போய்க் கைக்கு ஒன்றும் வராதவள் மாதிரி நின்றாள். "எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?" என்றாள். "பிள்ளைன்னு ஏதோ ஒரு வேதனை இருக்கு. நெஞ்சுல கல்லு மாதிரி இருக்கு. என்னன்னு பிடிபடல. நமக்குப் பிறந்து செத்துப்போச்சோன்னு நானே நினைச்சுக்குவேன். உங்ககிட்டக் கேக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியும். நீங்க கோவப்படுவீங்க."

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். ரோஸ்மலர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவள் மருமகளுக்குக் குழந்தை எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். படம் அவள் கையில் தலைகீழாகத் தொங்கியது.

எத்தனை தடவை எடுத்திருப்பாள். கடல் சத்தம் கேட்கும்போதெல்லாம் எடுத்திருப்பாள். சோறு மிஞ்சும்போது எடுத்திருப்பாள். ஜெபமாலையின் முடிவில், இன்னாசி பேருக்கு அப்புறம் ஒரு மூச்சு நிறுத்துவாளே, அப்போது தினமும் எடுத்திருப்பாள். பேர் தொண்டைவரை வந்திருக்கும். புருசன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கியிருப்பாள். கொணரி அதை வீண் என்று கொட்டியிருக்கும். செத்தவன் பேரைத் தினம் சொன்னதால் செத்தவன் பத்திரமாக இருக்கிறான்.

*

விழிஞ்ஞத்து நம்பரைக் கண்டுபிடிக்கச் சொந்தக்காரர்களிடம் பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. மகன் எடுத்தான். சூசைமிக்கேல் தன் பேரைச் சொன்னார். அந்தப் பக்கம் கிரேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மாவுக்கு ஏதாவதா?" என்றான் கடைசியில்.

"உன்னை மறந்துட்டா."

"தெரியும். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணினேன். தம்பி பாத்துப் போடுங்கன்னுட்டாங்க. நீங்க வெறுத்தது எனக்குப் பெருசில்லப்பா. சித்தப்பாவைக் கொண்டுபோனவன் நான்தான், வெறுக்க வேண்டியதுதான். அம்மாவும் அப்படிச் சொன்ன பிறகுதான் விட்டுட்டேன்."

"அது அவ இல்ல. மிஷினுல ஒரு பிழை. நூலகத்துல, முன்னெடுப்புல ஒரு வரி விட்டுப்போச்சு. எந்நேரமும் நினைச்சு, சொல்லாம இருந்தா…" அவர் எல்லாவற்றையும் சொன்னார். வேலையிடத்தில்கூட இவ்வளவு தெளிவாக அவர் எதையும் விளக்கியதில்லை.

மகன் பொறுமையாகக் கேட்டான். "அப்ப சொல்லியிருந்தா அழிஞ்சிருக்காது."

"அழிஞ்சிருக்காது."

"சொல்லக் கூடாதுன்னது மிஷினாப்பா?"

சூசைமிக்கேல் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டிருந்தார். கிரேன் சத்தம் நின்று வெகுநேரம் ஆன பிறகுதான் அந்தப் பக்கம் வைத்துவிட்டான் என்று தெரிந்தது.

*

கம்பெனியின் பாட்டு ஊரெல்லாம் பரவியது. 'பேர் சொல்லும் காலை' என்று அதற்குப் பேர். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அப்பா அம்மா பேரை வரிசையாக நின்று சொன்னார்கள். பல் தேய்த்துக்கொண்டே பெண்டாட்டி பேரைச் சொன்னார்கள், பஸ்ஸுக்கு நிற்கும்போது மாமியார் பேரையும் சேர்த்து முணுமுணுத்தார்கள். சொன்னால் போதும், கொணரி வரவு வைத்துக்கொள்ளும். சொல்லும்போது அந்த ஆளை நினைக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கிரேஸ்லினுக்குத் தலைமையகத்தில் பரிசு கொடுத்தார்கள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

முத்துக்கனி ஒரு நாள் குறைகேட்கும் மேசைக்கு வந்தாள், குறை சொல்ல இல்லை. கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி.

"இப்ப எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார் சூசைமிக்கேல்.

"நாப்பது தடவை சொல்லுதாவ. முத்துக்கனி, முத்துக்கனி, முத்துக்கனி. புது ஆளுகிட்டப் பேசுத மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டு." அவள் வெளியே பார்த்தாள். "என் பேரு அவுக வாயில வரணும்னு எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கேன் அண்ணாச்சி. வந்துட்டுது. யாருன்னு தெரியாமலே வந்துட்டுது."

மறுநாள் காலை சூசைமிக்கேல் வேலைக்குக் கிளம்பும்போது ரோஸ்மலர் முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்று பேர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். புருசன் பேரைத் தயங்காமல் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லாத பேர். அம்மா பேர், அக்கா பேர், மீன்காரி பேர். பிறகு அவர் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்ன அந்தப் பேர்.

"அருளப்பன்" என்றாள், தெளிவாக. அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சரியாச் சொன்னேனாங்க?"

"சரிதான்" என்றார்.

"யாருன்னு மட்டும் இன்னும் நீங்க நல்லா விளங்கச் சொல்லலை."

"சாயங்காலம் சொல்லுறேன்" என்றார். நேற்றும் அதைத்தான் சொன்னார். நேற்றுச் சாயங்காலம் சொல்லவும் செய்தார், எல்லாவற்றையும், பிறந்த நாளிலிருந்து. அவள் யார் வீட்டுக் கதையோ கேட்கிற மாதிரிக் கேட்டு, "ஐயோ பாவம், அந்தத் தாய்" என்றாள்.

செருப்பை மாட்டும்போது அவருடைய கைத்திரை அதிர்ந்தது. ரோஸ்மலரின் கொணரிக் குறிப்பு தினமும் அந்த நேரத்துக்கு அவருக்கு வரும்படி அவரே வைத்திருந்தார்.

ஏடு: அருளப்பன். பயன்பட்டது. திருப்பி எழுதப்பட்டது. பிழை இல்லை.